தாலாட்டுப் பாடும் பம்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒருவரை எரிச்சல்படுத்தாமல் எச்சரிக்க முடியுமா?

இன்று கூட்டத்தில் புது எம்.டி. என்னைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார். "தெரியல சார்" என்றேன். எச்சரிக்கை மணிகளைச் சோதிப்பதுதான் இந்த நிறுவனத்தில் என் வேலை என்பதால் அறையில் இரண்டு பேர் இருமினார்கள்.

நாங்கள் செய்வது டிரிப்ஸ் பம்பு. நோயாளியின் கட்டிலருகே கம்பியில் மாட்டியிருக்கும் சிறு பெட்டி. மருந்தை அளந்து அளந்து உடம்புக்குள் அனுப்பும். குழாய் மடங்கினால், மருந்து தீர்ந்தால், காற்று புகுந்தால் கத்தும். தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற கத்தல். அது சரியான நேரத்தில், சரியான அளவு அசிங்கமாகக் கத்துகிறதா என்று பார்ப்பது என் பிரிவு.

எம்.டி. இதற்கு முன் சோப்புக் கம்பெனியில் இருந்தவர். என்னைவிட இளையவர். வந்த வாரமே ஊழியர்கள் அவருக்கு 'வாசனை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நம்ம பம்பு வாயத் தொறந்தா எல்லாரும் மூஞ்சி சுளிக்கிறாங்க. சோப்ப மோந்து பாத்து எவனாவது மூஞ்சி சுளிச்சா அந்த சோப்பு விக்குமா?" என்றார்.

சோப்புக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. விற்பனைத் தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

தலைமைப் பண்புப் பயிற்சி. பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் செருப்பு, ஷூவைக் கழற்றிவிட்டு வட்டமாகத் தரையில் உட்கார்ந்தோம். ஏன் கழற்ற வேண்டும் என்று பயிற்சி கொடுத்த அம்மாள் சொல்லவில்லை. கணக்குப் பிரிவுத் தலைவரின் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரியும் என்ற செய்தி மட்டும் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

"பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஒரு கெட்ட விஷயத்த, அவங்க சிரிச்சுக்கிட்டே கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள்.

என் பக்கத்தில் விற்பனைத் தலைவர். "உங்க புது விளம்பரத்துல பம்பு தலைகீழா இருக்கற மாதிரி எனக்குத் தோணுது. என் கண்ணுதான் சரியில்லையோ என்னவோ" என்றேன். அவர் சிரித்தார். நன்றிகூடச் சொன்னார். எனக்கு முதல் பரிசு: பூப்போட்ட காபிக் கோப்பை.

விளம்பரத்தில் பம்பு உண்மையிலேயே தலைகீழாகத்தான் இருக்கிறது. மாலையில் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எம்.டி. கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவரின் முகம்.

பிப்ரவரி 9, திங்கள்

கணக்குத் தலைவர் புது சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பயிற்சியால் விளைந்த நன்மை என்று இதுவரை கண்ணுக்குத் தெரிவது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 12, வியாழன்

பம்புக்கு இசையமைத்துவிட்டார்கள்.

இசைக்காரர் நேரில் வந்திருந்தார். நல்ல மனிதர். "இது எப்பங்க ஒலிக்கும்?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

"நோயாளிக்கு மருந்து போகாம நின்னுட்டா."

"ஐயையோ. அப்ப கொஞ்சம் சோகமா போட்டிருக்கணுமோ? இவங்க என்கிட்ட குழந்தைங்க பொருள்னு இல்ல சொன்னாங்க?"

புல்லாங்குழல். அடியில் யாரோ நீரை மெல்ல ஊற்றுவது போன்ற ஓசை. கேட்கக் கேட்க தோள்பட்டை இறங்குகிறது. கோபத்தோடு கேட்டுக்கொண்டிருந்த எனக்கே இறங்கியது.

பாட்டு முடிந்ததும் எம்.டி. எழுந்தார். "இதுக்கு முன்மாதிரி யாருன்னு நினைக்கறீங்க? மேடம்தான்!" என்று என் பக்கம் கையை நீட்டினார். "மேடம் ஒரு பிரச்சினைய சொன்னா அது பிரச்சினைன்னே யாருக்கும் தெரியாது. அவ்வளவு சுகமா இருக்கும். அன்னிக்குப் பயிற்சியில பாத்தேன். நம்ம பம்பு இவங்கள மாதிரி பேசணும்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"சார், இதக் கேட்டா நர்ஸ்ங்க எழுந்து வருவாங்களா?" என்றேன்.

"பாத்தீங்களா, இப்பகூட எவ்வளவு இனிமையா கேக்கறாங்க!"

நான் "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நன்றி? எதற்கு?

பிப்ரவரி 15, ஞாயிறு

அக்கா வந்தாள். தெருமுனையில் ஆட்டோக்காரரிடம் அவள் பேசியது எங்கள் சமையலறைக்குக் கேட்டதால், படியேறி வருவதற்குள் காபி போட்டு முடித்துவிட்டேன். அக்கா ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ். எங்கள் புது பம்பில் முதல் ஐம்பதும் அவளுடைய வார்டுக்குத்தான் போகின்றன.

போனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

"நல்லா இருக்கே. என்னது, கல்யாண வீடியோவா?"

"குழாய் அடைப்பு."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏய். என் வார்டுல முப்பது கட்டில். நைட் ஷிப்ட்ல ரெண்டே ரெண்டு பொண்ணுங்க. ஆபரேஷன் முடிஞ்சு வலிக்கு மருந்து ஏறிட்டிருக்கறவன், ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஏறிட்டிருக்கறவன்... அது நின்னா உன் பெட்டி தாலாட்டு பாடுமா? கேக்கறவளும் சேந்து தூங்குவா. நீ சொல்லலையா அவங்ககிட்ட?"

"சொல்லியிருக்கேன்க்கா. எழுதியும் குடுத்திருக்கேன்."

"என்னன்னு எழுதின?"

"'மறுபரிசீலனை செய்வது உதவக்கூடும்'னு."

"உதவக்கூடும்!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "பத்தி எரியற வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு 'உள்ள கொஞ்சம் வெளிச்சமா இருக்கே'ன்னு சொல்ற ஆளுடி நீ. அம்மாவோட தொண்டை மொத்தமும் எனக்கே வந்துடுச்சு. உனக்குன்னு ஒரு சொட்டு மிச்சம் வைக்கல அவங்க."

மிச்சம் வைக்கவில்லை என்பது சரியல்ல. நான் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா அழைத்தால் தெருவில் மூன்று வீடுகள் எட்டிப் பார்க்கும். பள்ளித் தோழிகள் முன்னால் குறுகிப்போய் நின்ற நாட்களில், வளர்ந்ததும் இப்படிப் பேசவே கூடாது என்று முடிவு செய்தேன். இதுவரை பேசியதில்லை.

அக்கா போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நீ கையெழுத்து போட்டாத்தானே பெட்டி வெளிய போகும்? போடாத. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

பிப்ரவரி 18, புதன்

மாதிரி வார்டில் சோதனை. ஆறு கட்டில்கள், ஆறு பொம்மை நோயாளிகள், வெளியிலிருந்து வரவழைத்த நர்ஸ்கள். அவர்கள் வழக்கம்போல் வேலை செய்யவேண்டும். நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏதாவது ஒரு பம்பில் குழாயை அடைப்பேன். எவ்வளவு நேரத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்கவேண்டும். பழைய கத்தலுக்கு ஓடி வருவார்கள், திட்டிக்கொண்டே. திட்டுவதையும் நான் குறித்துக்கொள்வதுண்டு. நல்ல அறிகுறி.

இன்று மூன்றாம் கட்டிலில் அடைத்தேன். புல்லாங்குழல் எழுந்தது.

ஒரு நர்ஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இன்னொருவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாமவர் எழுந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. நேராக மூன்றாம் கட்டிலுக்குப் போனார். பொம்மையின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மார்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

பம்பை ஒருவரும் தொடவில்லை. நிஜ மனிதனாக இருந்திருந்தால் அந்தப் பொம்மை இறந்திருக்கும், மிக நன்றாகப் போர்த்தப்பட்ட நிலையில்.

முடிந்ததும் ஒருவர் வந்து, "மேடம், அந்தப் பாட்டு கிடைக்குமா? என் போன்ல வெச்சுக்கணும்" என்றார்.

விற்பனைப் பிரிவு தனியாக ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தது. அதில் இருந்த ஒரே கேள்வி: ஒலி பிடித்திருந்ததா? எல்லோருக்கும் பிடித்திருந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

பாத்திரம் கழுவும்போது என் வீட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்தார். உற்றுக் கேட்டேன். குழாய் அடைப்பு. "எங்க கேட்டீங்க?" என்றேன். "நீதான் குளிக்கும்போது பாடற" என்கிறார்.

பிப்ரவரி 23, திங்கள்

என் அறிக்கையில் 'ஒலி கேட்ட எவரும் எழவில்லை' என்று எழுதியிருந்தேன். இவ்வளவு கடுமையான வாக்கியத்தை நான் எழுதியதே இல்லை. விற்பனைத் தலைவர் தன் சுருக்கத்தில் அதை 'ஒலி கேட்ட அனைவரும் இருந்த இடத்திலேயே அமைதியடைந்தனர்' என்று மாற்றியிருந்தார். பொய் என்றும் சொல்ல முடியாது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எம்.டி.யிடம் சொன்னேன். சொன்னேன் என்றால்: "இப்ப உடனே கையெழுத்து போடறது எனக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கு சார்."

"சங்கடமே வேணாம் மேடம்!" என்று அவர் மகிழ்ந்துபோனார். மாலையில் சுற்றறிக்கை வந்தது. புது பம்பில் இனி 'எச்சரிக்கை' கிடையாது. இருப்பது 'ஆறுதல் ஒலி'. எச்சரிக்கைதான் என் பிரிவின் பொறுப்பு. ஆறுதல் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தது. ஆகவே என் கையெழுத்து தேவையில்லை. என் சங்கடத்தைத் தீர்த்துவைத்ததற்காக எம்.டி. தனக்குத்தானே ஒரு நன்றிவரியும் சேர்த்திருந்தார்.

நான் மறுத்ததால்தான் வழி திறந்தது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் பெட்டி போயிருக்கும். போடாததாலும் போகிறது. அப்படியானால் நான் எதற்கு?

பிப்ரவரி 26, வியாழன்

'கட்டடம் முழுக்க ஒரே குரல்' திட்டம். நம் புதுமையை நாமே வாழ்ந்து காட்ட வேண்டுமாம். சாப்பாட்டு மணி, மாலையில் வேலை முடியும் மணி, லிப்டின் அபாய மணி எல்லாவற்றுக்கும் அதே புல்லாங்குழல்.

பதினோரு மணிவாக்கில் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. உள்ளே கணக்குத் தலைவர். அபாய மணியை அழுத்தினார். பாட்டு வந்தது. இன்னும் அழுத்தினார். இன்னும் பாட்டு. வரவேற்பில் இருக்கும் பெண் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். சாப்பிடப் போகும்போது அவருடைய நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் தேடினோம்.

வெளியே வந்தவரிடம் எம்.டி. கேட்டார்: "உள்ள பதட்டமா இருந்துச்சா?"

"ரொம்ப சார்."

"பாட்டு கேட்டதும்?"

கணக்குத் தலைவர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொறஞ்சது சார்" என்றார்.

எம்.டி. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 2, திங்கள்

வியாழக்கிழமை அறிமுக விழா. வெள்ளிக்கிழமை ஐம்பது பெட்டிகளும் அக்காவின் வார்டுக்கு.

விழாவில் எம்.டி.யே நோயாளியாகப் படுக்கப்போகிறார். கையில் நிஜ ஊசி, நிஜக் குழாய். உப்புநீர் மட்டும் ஏறும். "தலைவன்னா முதல்ல தன் உடம்ப குடுக்கணும்" என்றார். விற்பனைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா போன் செய்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்க பெரிய டாக்டருக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிச்சுப்போச்சுடி. வேண்டாம்னு நான் சொன்னா என்னைத்தான் வேற வார்டுக்குத் தூக்கிப் போடுவாரு. பெட்டி எப்படியும் உள்ள வந்துடும். அங்கயே நிறுத்தினாத்தான் உண்டு. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

எம்.டி.க்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன். தலைப்பு: 'ஒரு சிறு வேண்டுகோள்'. பதிலாக ஓர் இதயப் படம் வந்தது.

மார்ச் 5, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மேடை முழுக்க வெள்ளைத் திரை. வெள்ளைக் கட்டில். எம்.டி.யும் வெள்ளைச் சட்டை. ஒரு கையை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். எங்கள் கம்பெனி நர்ஸ் மணிக்கட்டில் ஊசியை ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி, குழாயைப் பம்பில் மாட்டினார். சட்டைக் காலரில் மைக். "என் உயிர இந்த பம்புகிட்ட ஒப்படைச்சிருக்கேன்" என்று படுத்துக்கொண்டே சொன்னார். அரங்கம் நிறைந்த டாக்டர்கள். நான் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில்.

திட்டம் இதுதான்: அவரே குழாயை மடக்குவார், பாட்டு வரும், நர்ஸ் புன்னகையோடு வந்து சரிசெய்வார்.

மடக்கினார். பாட்டு வந்தது. விளக்குகளை மங்கவைத்தார்கள். அரங்கம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. சரிசெய்ய வரவேண்டிய மேடை நர்ஸும் நின்ற இடத்திலேயே ஆடினார். எம்.டி. கண்ணை மூடிக்கொண்டு, படுத்தபடியே இரண்டு கைகளையும் உயர்த்தி, வாத்தியக் குழுவை நடத்துபவர்போல அசைத்தார். இரண்டு கைகளையும்.

பிளாஸ்திரி விட்டதை நான் பார்த்தேன். ஊசி வெளியே வந்து தொங்கியது. மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கை வரை இறங்கி, மடித்துவிட்ட வெள்ளைத் துணியில் விரிந்தது. மருத்துவக் கணக்கில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக்கூட ஏரியாகத்தான் தெரியும். அத்தனை டாக்டர்கள் பார்த்துக்கொண்டு, தாளத்துக்குக் கை தட்டினார்கள்.

"சார்" என்றேன்.

பிறகு, "சார், ஒரு நிமிஷம்."

பக்கத்திலிருந்த விற்பனைத் தலைவர், "ஷ்ஷ்... பாட்டு ஓடுது மேடம்" என்றார்.

அடுத்ததாக நினைவில் இருப்பது ஒரு சத்தம். "நிறுத்துங்க!" என்று எங்கிருந்தோ வந்தது. முன்வரிசையில் ஒரு டாக்டரின் கைப்பை கீழே விழுந்தது. மேடை நர்ஸ் ஓடினார். யாரோ மின்சார வயரைப் பிடுங்கினார்கள், பாட்டு பாதியில் நின்றது. அம்மா போய் ஆறு வருடமாகிறது. இங்கே எப்படி வந்தாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் திரைதான் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எம்.டி. எழுந்து உட்கார்ந்தார். தன் கையைப் பார்த்தார். மயங்கி விழுந்தார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரர், "தொண்டை ஏன் கட்டியிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாளை என்னை அனுப்பிவிடுவார்கள். பெட்டிகளும் போய்விடும். பூப்போட்ட கோப்பையை எடுத்துவர ஒரு பை கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

நடந்தது இது.

காலையில் எம்.டி. கூப்பிட்டார். மணிக்கட்டில் ஒரு சிறு பிளாஸ்திரி. பையைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றேன்.

"மேடம், நேத்து நான் அந்தப் பாட்டுல சொக்கிப்போயிட்டேன். ரத்தம் வர்றதுகூடத் தெரியல. உங்க குரல்தான் எழுப்புச்சு. ராத்திரி பூரா யோசிச்சேன்." நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அதுதான் நம்ம அடுத்த புதுமை. பம்புக்கு உங்க குரல்!"

ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துப் போனார்கள். ஒலிக்காரர், விற்பனைத் தலைவர், எம்.டி., நான். காதில் பெரிய கருவியை மாட்டிவிட்டு, கத்தச் சொன்னார்கள்.

"நிறுத்துங்க" என்றேன்.

"மேடம், காபி வேணுமான்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றார் ஒலிக்காரர்.

மறுபடியும். மறுபடியும். வரவில்லை. "வீட்டுக்காரர நினைச்சுக்கங்க மேடம், தானா வரும்" என்று விற்பனைத் தலைவர் யோசனை சொன்னார். "அவர்கிட்ட நான் கத்தினதில்லையே" என்றேன். மூவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஓய்வு கொடுத்தார்கள். அந்த இடைவெளியில்தான் கேட்டேன்: "சார், பம்போட குரல்தான் மாறப்போகுதே, அப்ப அந்த அம்பது பெட்டி..?"

"அதுவா? லாரியில ஏத்தியாச்சே. இப்ப கிளம்பியிருக்கும். அது பாட்டோடயே போகட்டும் மேடம். உங்க குரல பின்னால சேத்துக்கலாம். அதுக்கென்ன அவசரம்?"

முப்பது கட்டில். இரண்டு பெண்கள்.

"லாரிய நிறுத்துங்க!"

எம்.டி.யின் கையிலிருந்த போன் கீழே விழுந்தது. விற்பனைத் தலைவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். எம்.டி. குனிந்து போனை எடுத்து, இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை, "லாரிய... லாரிய திருப்புங்கப்பா. ஆமா, உடனே. மேடம் சொல்றாங்க" என்றார்.

ஒலிக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். "வந்துடுச்சு மேடம்."

லாரி பெட்ரோல் பங்க்கிலிருந்து திரும்பி வந்தது. ஐம்பது பெட்டிகளையும் எங்கள் நடைபாதையில் இறக்கினார்கள். மதியம் நானும் என் பிரிவில் இருவரும் ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய ஒலியைத் திரும்பப் போட ஆரம்பித்தோம். எம்.டி. வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இன்னும் அசிங்கமாத்தான் இருக்கு மேடம்."

"ஆமா சார்" என்றேன். வேறெதையும் சேர்க்கவில்லை. முடிந்த பெட்டிகளுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா போன் செய்தாள். "பெட்டி வரலையே, என்னாச்சு?"

"நிறுத்திட்டேன். பழைய சத்தத்தோட திங்கட்கிழமை வரும்."

"எப்படி நிறுத்தின?"

"கத்தினேன்."

"யாரு?"

"நான்தான்."

"சும்மா புளுகாதடி" என்று வைத்துவிட்டாள்.

என் குரலைப் பம்பில் சேர்க்கும் யோசனை சோதனைக்காக என் மேசைக்கே வந்திருக்கிறது. நோயாளி பயந்துபோவார் என்று எழுதி நிராகரித்துவிட்டேன். எம்.டி. மனம் தளர்ந்ததாகத் தெரியவில்லை. ஒலிக்காரரோடு ஏதோ பேசிக்கொண்டு போனார்.

மாலையில் வேலை முடியும் மணி. புல்லாங்குழல் வரவில்லை. மாடிக்கு மாடி எல்லா ஒலிபெருக்கியிலும், தெருவில் மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி என் குரல்: "நிறுத்துங்க!"

கணக்குத் தலைவர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார். வரவேற்புப் பெண் எழுந்தாள். கட்டடத்தில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நானும் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.